பொம்மைக்கும் வயது உண்டு

குழந்தைகளின் பிறந்தநாளுக்கு என்ன வாங்கிக்கொண்டு போவது என்பது முன்பெல்லாம் நமக்கு ஒரு பெரிய விஷயமாகவே இருந்ததில்லை. ஒரு கவுன், ஒரு சட்டைத் துணி, பெயர் பொறித்த எவர்சில்வர் டம்ளர், கை சற்றுத் தாராளமாக இருந்தால் சாவி கொடுத்தால் ஓடும் கார். கொடுப்பவருக்கும் திருப்தி, வாங்குபவருக்கும் திருப்தி. இன்றைக்கோ மூன்று வயதுக் குழந்தையே "எனக்கு டோரேமான் வேணும்", "எனக்கு பிகாச்சுதான் வேணும்" என்று பெயர் சொல்லிக் கேட்கிறது. அண்ணன்மார்கள் வீட்டில் இருந்தால் "நருட்டோ", "டெமன் ஸ்லேயர்" என்று வாயில் நுழையாத பெயர்கள் எல்லாம் வருகின்றன. தாம்பரம் சண்முகம் சாலையில் காய்கறி வாங்கப் போகும் வழியில் எந்த ஃபேன்ஸி ஸ்டோரைப் பார்த்தாலும், வாசலில் தொங்கும் பைகளிலும் பென்சில் டப்பாக்களிலும் இந்த முகங்கள்தான்.

"அது என்னமோ கார்ட்டூன் பொம்மை. எதையாவது ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு வா" என்று நம் வீட்டு ஆண்கள் சொல்லிவிடுவார்கள். ஆனால் சகோதரிகளே, அந்த 'எதையாவது' என்பதில்தான் விஷயமே இருக்கிறது. துணிக்கு அளவு பார்க்கிறோம். செருப்புக்கு அளவு பார்க்கிறோம். மருந்து என்றால் வயதைச் சொல்லி, எத்தனை மில்லி என்று கேட்டுத்தான் கொடுக்கிறோம். பொம்மைக்கு மட்டும் ஏன் பார்ப்பதில்லை?

முதலில் இந்த 'அனிமே' என்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஜப்பான் நாட்டில் தயாராகும் கார்ட்டூன் படங்களுக்குத்தான் அந்தப் பெயர். ஏதோ நமக்குச் சம்பந்தமில்லாத புதுச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். என் வயதுக்காரர்கள் 1993-ல் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தூர்தர்ஷன் முன்னால் உட்கார்ந்து, பாஷை புரியாவிட்டாலும் வாயைப் பிளந்து பார்த்தோமே மோக்லி, அது ஜப்பானில் வரைந்த படம்தான். 1992-ல் ஜப்பானியரும் நம்மவர்களும் சேர்ந்து ராமாயணத்தையே இப்படி ஒரு படமாக எடுத்திருக்கிறார்கள். 2025 ஜனவரியில் அது தமிழிலும் பேசிக்கொண்டு திரையரங்குகளுக்கு வந்தது. ஆகவே அனிமே என்றாலே கெடுதல் என்று நான் சொல்லப் போவதில்லை. அனிமே என்றாலே குழந்தைகளுக்கானது என்று எண்ணிவிடுகிறோமே, அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

கதாநாயகன் வயது வேறு, கதையின் வயது வேறு

நம் வீட்டில் ஒரு காலத்தில் அம்புலிமாமாவும் வந்தது, பெரியவர்கள் படிக்கிற மாத நாவலும் வந்தது. இரண்டுமே அச்சடித்த புத்தகம், இரண்டிலுமே படம் இருக்கிறது என்பதற்காக இரண்டையும் குழந்தை கையில் கொடுத்தோமா? மாத நாவலை அம்மா தலையணைக்கு அடியில் அல்லவா வைத்துக்கொள்வாள்! ஜப்பானில் படக்கதை என்பது அப்படித்தான். பாலர் பள்ளிக்கு ஒன்று, பத்து வயதுக்கு ஒன்று, கல்லூரிப் பையனுக்கு ஒன்று, அலுவலகம் போகிறவருக்கு ஒன்று என்று தனித்தனியாக வரைகிறார்கள். நமக்கோ எல்லாம் 'கார்ட்டூன்' என்ற ஒரே வார்த்தைக்குள் அடங்கிவிடுகிறது.

ஷின்சானையே எடுத்துக்கொள்ளுங்கள். அவன் ஐந்து வயதுப் பையன். பார்ப்பதற்கு நம் வீட்டு வாண்டு மாதிரியே இருப்பான். ஆனால் யோஷிடோ உசுயி என்பவர் 1990-ல் அந்தக் கதையை வரைய ஆரம்பித்தது பெரியவர்கள் படிக்கும் வாரப் பத்திரிகை ஒன்றில். ஒரு வாண்டுப் பயல் பெரியவர்களின் அசட்டுத்தனத்தை எப்படிப் போட்டு உடைக்கிறான் என்று பெரியவர்கள் படித்துச் சிரிப்பதற்காக எழுதியது. நம் நாட்டில் 2008-ல் அதன் ஒளிபரப்பை நிறுத்தி, சில இடங்களை வெட்டிய பிறகுதான் மறு வருஷம் திரும்ப விட்டார்கள். கதாநாயகனுக்கு வயது ஐந்து என்பதால் கதைக்கும் வயது ஐந்து ஆகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொரு உதாரணம். ஜப்பானில் 'ஜிப்லி' என்று ஒரு புகழ் பெற்ற நிறுவனம். 1988 ஏப்ரல் 16-ம் தேதி ஒரே நாளில் இரண்டு படங்களைச் சேர்த்து வெளியிட்டார்கள். ஒன்று 'என் பக்கத்து வீட்டு டொட்டோரோ'. காட்டில் வசிக்கும், பஞ்சு மூட்டை போன்ற ஒரு பெரிய பிராணியும் இரண்டு சிறுமிகளும் வரும் சாதுவான கதை. மற்றொன்று, 'மின்மினிகளின் கல்லறை'. யுத்த காலத்தில் தாயை இழந்து, பட்டினியில் வாடிச் சாகும் 14 வயது அண்ணன், 4 வயதுத் தங்கை கதை. பெரியவர்களே கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் எழுந்திருக்க வேண்டும். ஒரே நிறுவனம், ஒரே நாள். பெயரைப் பார்த்து நம்பி வாங்கினால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்.

இதற்கு நேர் மாறாக டோரேமான். காதில்லாத அந்த நீலப் பூனை ரோபோ 1969 டிசம்பரில் பிறந்தது. ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ என்ற பெயரில் அதை வரைந்தவர் ஆறு பத்திரிகைகளில் ஒரே சமயத்தில் ஆரம்பித்தார். பாலர் வகுப்புக்கு ஒன்று, ஒன்றாம் வகுப்புக்கு ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு ஒன்று என்று வகுப்புவாரியாக வந்த பத்திரிகைகள் அவை. ஒரே கதையை ஆறிலும் போடவில்லை. அந்தந்த வயதுக் குழந்தைக்கு என்ன புரியும், எதற்குச் சிரிக்கும் என்று பார்த்துத் தனித்தனியாக வரைந்தார். ஒரு வீட்டில் மூன்று குழந்தைகளுக்கும் ஒரே சாதம்தான். ஆனால் கைக்குழந்தைக்குக் குழைய மசித்து, நடுவுள்ளதற்குப் பருப்பு நெய் விட்டு, பெரியதற்குக் காரக் குழம்பு ஊற்றிப் போடுவோமே, அந்த மாதிரி. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அந்த நீலப் பூனையின் மேல் எனக்கே ஒரு மரியாதை வந்துவிட்டது.

தங்கை வீட்டில் நடந்தது

இத்தனையும் நான் ஏன் மெனக்கெட்டுத் தெரிந்துகொண்டேன் என்றால், அதற்குக் காரணம் என் தங்கை பிள்ளை. மேடவாக்கத்தில் இருக்கிறார்கள். எல்.கே.ஜி. போகும் பயல். அவனுடைய நாலாவது பிறந்தநாளுக்கு அவன் சித்தப்பா, காலேஜில் படிக்கிற பையன், ஆசை ஆசையாக ஒரு வாள் வாங்கி வந்தான். டெமன் ஸ்லேயர் கதையில் வரும் டான்ஜிரோவின் வாளாம். பிளாஸ்டிக்தான். நம் வாண்டு உயரத்துக்கு இருந்தது. வாளை எப்படிப் பிடிப்பது என்று தெரிய வேண்டாமா? அதற்காக முதல் பகுதியைப் போனில் போட்டுக் காட்டியிருக்கிறான். அந்தப் பிள்ளையைக் குற்றம் சொல்ல மாட்டேன். தனக்கு உயிரான ஒன்றைத்தானே குழந்தைக்குக் கொடுத்தான்!

அந்தக் கதை எப்படி ஆரம்பிக்கிறது தெரியுமா? மலையில் ஒரு ஏழைக் குடும்பம். தகப்பன் இல்லை. மூத்த பையன் கரி விற்பதற்காகப் பக்கத்து ஊருக்குப் போகிறான். இருட்டிவிட்டதால் இரவு வேறு ஒரு வீட்டில் தங்கிவிட்டு, விடிந்ததும் திரும்பி வருகிறான். வந்து பார்த்தால் அம்மாவும் தம்பி தங்கைகளும் ரத்த வெள்ளத்தில் கிடக்கிறார்கள். அரக்கன் வந்து கொன்றுவிட்டுப் போயிருக்கிறான். ஒரு தங்கை மட்டும் பிழைக்கிறாள். அவளும் அரக்கியாக மாறிவிடுகிறாள். அவளை மனுஷியாக்க அண்ணன் படும் பாடுதான் கதை. பாசமான கதைதான், மறுக்கவில்லை. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பிள்ளை அதைப் பார்த்துவிட்டுத் தொண்டை அடைக்கப் பேசியிருக்கிறான். ஆனால் நாலு வயதுக்கு?

பிறந்தநாள் முடிந்த மூன்றாம் நாள் தங்கை போன் செய்தாள்.

"அக்கா, இவன் ஸ்கூலுக்கே போகமாட்டேங்கறான். வேன் வந்தா என் புடவையைப் பிடிச்சிக்கிட்டு அலறுறான். இத்தனை நாள் சிரிச்சிக்கிட்டே போன பிள்ளை!"

மிஸ் அடித்தார்களா, வேனில் யாராவது ஏதாவது செய்தார்களா என்றுதான் எல்லாருக்கும் சந்தேகம். பள்ளியில் விசாரித்தாயிற்று. திருஷ்டி கூடச் சுற்றிப் போட்டாயிற்று. ராத்திரியில் நாலு தடவை எழுந்து அம்மாவின் மூக்கில் கை வைத்துப் பார்க்கிறானாம். கேட்டபோதே எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அந்தச் சனிக்கிழமை சேலையூரிலிருந்து கிளம்பிப் போனேன். மடியில் போட்டுக்கொண்டு, கதை பேசுகிற சாக்கில் மெதுவாகக் கேட்டபோதுதான் வெளியே வந்தது.

"பெரிம்மா, அந்த அண்ணா வெளிய போயிட்டு வந்தான்ல? அதுக்குள்ள அம்மா செத்துட்டாங்க. நான் ஸ்கூல் போயிட்டு வந்தா எங்கம்மா இருப்பாங்களா?"

பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த தங்கை, கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டாள். நாங்கள் ரத்தத்தைப் பார்த்துப் பயந்திருப்பான், அரக்கனைப் பார்த்துப் பயந்திருப்பான் என்று நினைத்தோம். அவன் பயந்தது அதற்கெல்லாம் இல்லை. 'வெளியே போனால் அம்மா போய்விடுவாள்' என்று கதையை அவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறான்! நாலு வயதில் கதை வேறு, வீடு வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரிவதில்லை. திரையில் நடந்தது தன் வீட்டிலும் நடக்கும் என்றே குழந்தை நினைக்கிறது.

குழந்தை டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். அவர் நிதானமாகச் சொன்னார்: "திட்டாதீங்க, கேலி பண்ணாதீங்க, 'ஒண்ணும் இல்லடா'ன்னு ஒரே வார்த்தையில தள்ளியும் விடாதீங்க. எத்தனை மணிக்குத் திரும்பிப் பார்ப்பீங்கன்னு சொல்லிட்டுப் போங்க, சொன்ன நேரத்துக்கு நில்லுங்க. சில வாரத்தில சரியாகலேன்னா மறுபடி கூட்டிட்டு வாங்க." வாளைப் பிடுங்கி எறியவில்லை. அவன் சித்தப்பாவே வந்து, "இது பெரிய பசங்களோடதுடா. உனக்கு மீசை முளைச்சதும் தர்றேன்" என்று பரணில் ஏற்றினான். குழந்தைக்கு அதில் ஒரு நிம்மதிதான் என்பது முகத்தில் தெரிந்தது.

தங்கை என்னிடம், "அக்கா, அவனுக்கு வேற ஏதாவது வாங்கிக் கொடு. மனசு மாறட்டும்" என்றாள். நான் முதலில் எண்ணியது டொட்டோரோவை. பிறகு யோசித்தேன். அதில் அந்தச் சிறுமிகளின் அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். வீட்டுக்கு வருவாளா என்று குழந்தைகள் தவிக்கும் இடம் ஒன்று வருகிறது. மற்றக் குழந்தைகள் அம்மா மடியில் உட்கார்ந்து தாராளமாகப் பார்க்கலாம். இவனுக்கு இப்போது வேண்டாம். சாதுவான கதையே ஆனாலும், எந்தக் குழந்தைக்கு, எந்த நேரத்தில் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

டோரேமானிடம் 'எங்கும் போகும் கதவு' என்று ஒன்று உண்டு. ரோஜா நிறக் கதவு. வயிற்றுப் பையிலிருந்து எடுத்து நிறுத்தித் திறந்தால், நினைத்த இடத்துக்குப் போய்விடலாம். அதுதான் சரி என்று பட்டது. ஒரு நடுத்தர அளவு டோரேமான் துணிப் பொம்மை வாங்கினேன். கதவைக் கடையில் தேடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வாஷிங் மெஷின் வாங்கிய அட்டைப் பெட்டியைக் கேட்டு வாங்கி, ரோஜா நிற சார்ட் தாள் ஒட்டி, துணிப் பட்டையால் கீல் வைத்து, என் பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து செய்தான்.

கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவில் அதை நிறுத்தினோம். வாண்டு கதவைத் திறப்பான்; அந்தப் பக்கம் அம்மா உட்கார்ந்திருப்பாள். மூடுவான், திறப்பான். ஐம்பது தடவையாவது இருக்கும். பிறகு அம்மா சமையலறைக்குப் போனாள். அங்கே கொண்டுபோய் நிறுத்தித் திறந்தான். மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனாள். அங்கேயும் கதவு வந்தது. "அம்மா எங்க போனாலும் கதவைத் திறந்தா வந்துடுவா" என்று அவனே டோரேமானுக்குச் சொல்லிக் கொடுத்தான். பள்ளிக்கு அவ்வளவு பெரிய கதவைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? உள்ளங்கை அளவு காகிதத்தில் ஒரு கதவு வரைந்து சட்டைப் பையில் வைத்து அனுப்பினாள் தங்கை. முதல் வாரம் அழுகை நிற்கவில்லை. இரண்டாம் வாரம் கேட் வரை அழுதான். மூன்றாவது வாரம் ஒரு நாள், அந்தக் காகிதத்தை மறந்துவிட்டே வேனில் ஏறிப் போய்விட்டான். தங்கை அதை எடுத்து வைத்திருக்கிறாள்.

பொருளுக்கும் ஒரு வயது

கதையின் வயதைப் பார்த்தாயிற்று. அடுத்தது பொருளின் வயது. கதை எத்தனை சாதுவாக இருந்தாலும், பொருள் குழந்தையின் வாய்க்கும் கைக்கும் ஒத்துவர வேண்டும்.

2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான விளையாட்டுச் சாமான்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்று மத்திய அரசின் உத்தரவு இருக்கிறது. மிக்ஸி, குக்கரில் பார்க்கிறோமே, அதே முத்திரைதான். பெட்டியிலோ பொம்மையில் தைத்த சீட்டிலோ இருக்கும். தேடிப் பாருங்கள், இல்லையென்றால் கடைக்காரரைக் கேளுங்கள். சண்டை போட வேண்டாம், கேட்டாலே போதும். நாலு பெண்கள் கேட்டால் ஐந்தாவது தடவை அவரே முத்திரை உள்ளதை எடுத்துக் காட்டுவார்.

அலமாரியில் வைக்கிற சிறு சிலைகள் விற்கிறார்கள் பாருங்கள், தலைமுடி கூர்கூராக, கையில் ஊசி மாதிரி வாளோடு, அவை விளையாட்டுச் சாமானே அல்ல. சேகரித்து அழகு பார்க்கிறவர்களுக்கானவை. ஜப்பானிலிருந்து வரும் அசல் பெட்டிகள் பலவற்றில் 15 வயதுக்கு மேல் என்றே போட்டிருக்கும். நம் கொலு பொம்மையைக் குழந்தை கையில் கொடுப்போமா? அதே கணக்குத்தான்.

மூன்று வயதுக்குள் என்றால் வாயில் போடாத சாமான் கிடையாது. பாதுகாப்புச் சோதனையில் சுமார் 32 மில்லிமீட்டர் வாயுள்ள ஒரு சின்னக் குழாயை வைத்துக்கொண்டு, அதற்குள் அடங்குகிற எதுவும் மூன்று வயதுக்குள் ஆகாது என்று தள்ளிவிடுகிறார்கள். நாமும் பிள்ளைகளின் காம்பஸை வைத்து ஓர் அட்டையில் 3 சென்டிமீட்டருக்குச் சற்றே அதிகமான வட்டம் வெட்டி வைத்துக்கொள்ளலாம். அந்த ஓட்டையில் நுழையும் தொப்பி, கழற்றி மாட்டும் கை, சாவிக்கொத்துப் பொம்மை எதுவும் கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குள் வரக்கூடாது. பரிசு வாங்குவது ஏழு வயது அண்ணனுக்காக இருக்கலாம். வீட்டில் தவழும் குழந்தை ஒன்று இருந்தால் அதற்கும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

துணிப் பொம்மை என்றால் கண்ணையும் மூக்கையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். ஒட்டிய மணிக் கண்ணைவிட நூலால் தைத்த கண் நல்லது. தையலில் விரலை விட்டுப் பாருங்கள், பஞ்சு வருகிறதா என்று. துவைக்க முடியுமா என்று கேளுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்துக்கும் தூசிக்கும் மாதம் ஒரு தடவையாவது துவைத்து வெயிலில் போட வேண்டியிருக்கும். ஒரு வயதுக்குள் உள்ள குழந்தை தூங்கும் இடத்தில் எந்தத் துணிப் பொம்மையும் வேண்டாம், மூக்கை அடைத்துவிடும்.

விளக்கு எரிவது, பாட்டுப் பாடுவது என்றால் உள்ளே பட்டன் மாதிரி பாட்டரி இருக்கும். இது மிக மிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய சாமான். குழந்தை விழுங்கிவிட்டால் தொண்டைக் குழாயில் ஒட்டிக்கொண்டு இரண்டு மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும். பாட்டரி மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருந்தால்தான் வாங்குங்கள். விழுங்கியிருப்பானோ என்று சந்தேகம் வந்தால்கூட வாந்தி எடுக்கவைக்காமல், வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்காமல், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். 108-ஐ அழையுங்கள். சின்னச் சின்னக் காந்தத் துண்டுகளும் அப்படித்தான். இரண்டு உள்ளே போனால் குடலை நடுவில் வைத்துக்கொண்டு ஒன்றையொன்று இழுக்கும்.

எந்த வயதுக்கு எது?

மூன்று வயதுக்குள் கதையே தேவையில்லை. பிகாச்சு என்றாலும் டொட்டோரோ என்றாலும் அதற்கு ஒரு கொழுகொழு பிராணி, அவ்வளவுதான். பெரிய துணிப் பொம்மை, துணிப் புத்தகம் போதும். இரண்டு வயது வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021-ல் சொல்லியிருக்கிறது. பொம்மை கொடுக்கிற சாக்கில் டி.வி.யையும் சேர்த்துக் கொடுத்துவிடக் கூடாது.

மூன்றிலிருந்து ஐந்து வரை டோரேமான், பிகாச்சு போன்ற முகங்கள் ஏற்றவை. துணிப் பொம்மை, வண்ணம் தீட்டும் புத்தகம், பெரிய பெரிய துண்டுகளாக உள்ள படம் சேர்க்கும் அட்டை, சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில். "நோபிடாவைப் பார்த்துப் பார்த்து என் பிள்ளை வீட்டுப்பாடமே எழுத மாட்டேன் என்கிறான்" என்று சிலர் குறைப்படுவதுண்டு. கூட உட்கார்ந்து பாருங்கள். குறுக்கு வழியில் போன நோபிடா கடைசியில் மாட்டிக்கொண்டு முழிப்பதுதான் முக்கால்வாசிக் கதை. "பார்த்தியா, என்ன ஆச்சுன்னு?" என்று நாம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஆறு வயதுக்கு மேல் போகிமான் சீட்டுக்கட்டு, சுழற்றிவிடும் பேபிளேடு. பேபிளேடு பெட்டியில் 6 அல்லது 8 வயது என்று போட்டிருக்கும், மதித்து நடங்கள். நம் பம்பரம் போலத்தான், மோதினால் துண்டு தெறிக்கும். தரையில் விடாமல் அதற்கென்று உள்ள தட்டில் விடவேண்டும், முகத்தைக் குனிந்து கிட்டே கொண்டுபோகக் கூடாது. சீட்டுக்கட்டில் வேறு ஒரு தொந்தரவு உண்டு. 'உன்னிடம் உசத்திச் சீட்டு, என்னிடம் மட்டச் சீட்டு' என்று பள்ளியில் பேரம் நடக்கும். வீட்டோடு வைத்து விளையாடட்டும்.

பத்து வயதுக்கு மேல் வரையக் கற்றுத் தரும் புத்தகம் கொடுக்கலாம். ஜப்பானியப் படக்கதை கொடுத்தால் வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். டெமன் ஸ்லேயர் மாதிரி வாளும் ரத்தமுமான கதைகள் 13-க்கு மேல் இருக்கட்டும். 2020-ல் வந்த அதன் படத்துக்கு ஜப்பானிலேயே, 12 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோர் வழிகாட்டல் வேண்டும் என்றுதான் சான்றிதழ் கொடுத்தார்கள். அமெரிக்காவில் இன்னும் கடுமை, 17 வயதுக்குக் கீழே பெரியவர் துணையில்லாமல் அனுமதியில்லை. 2025 செப்டம்பரில் அதன் அடுத்த படம் தமிழில் பேசிக்கொண்டே நம் ஊர்த் திரையரங்குகளுக்கு வந்தது. தமிழில் பேசுகிறது என்பதால் குழந்தைக்கானது என்று ஆகிவிடாது.

இதையெல்லாம் எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வது என்று மலைக்க வேண்டாம். இப்போது சினிமாச் சான்றிதழிலும், இணையத்தில் படம் ஆரம்பிக்கும்போது ஓரத்திலும் யு, யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+, ஏ என்று போடுகிறார்கள். பொம்மையின் பெயரைக் கேட்டுக்கொண்டு, வீட்டில் யாராவது ஒரு பிள்ளையை விட்டு அந்தக் கதைக்கு என்ன போட்டிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அதுவே பொம்மைக்கும் வயது. முடிந்தால் முதல் பகுதியை நீங்களே இருபது நிமிஷம் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். இட்லிக்கு மாவு அரைபடும் நேரம்தான்.

கேட்க வேண்டிய ஒரு கேள்வி

"இத்தனை வம்பு எதற்கு? அனிமேவே வேண்டாம் என்று நிறுத்திவிட்டால்?" என்று எங்கள் தெருவில் ஒரு அம்மாள் கேட்டார். நிறுத்தலாம். ஆனால் பள்ளி வேனில் மற்றப் பிள்ளைகள் பேசும்போது நம் குழந்தை மட்டும் பேந்தப் பேந்த விழிக்கும். பிறகு யார் போனிலாவது திருட்டுத்தனமாக, எது வருகிறதோ அதைப் பார்க்கும். நாமே தேர்ந்தெடுத்துக் கையில் கொடுப்பது அதைவிட மேல் என்பது என் அபிப்பிராயம்.

நாம் அடுத்தவர் குழந்தைக்கு வாங்கும்போது அதன் அம்மாவுக்கு ஒரு போன் செய்துவிடுவது நல்லது. "உங்க பையனுக்கு என்ன பிடிக்கும்?" என்று எல்லாரும் கேட்கிறோம். அதோடு "எதுக்குப் பயப்படுவான்?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். இருட்டு, முகமூடி, பெரிய சத்தம், அம்மா கண் மறைவது என்று ஒவ்வொரு குழந்தைக்கும் ஒன்று இருக்கும். பெற்றவளுக்கு மட்டுமே தெரிந்த விஷயம் அது.

நம் குழந்தைக்கு வயதுக்கு மீறின பரிசு யாராவது கொண்டு வந்தால், கொடுத்தவர் முகம் வாடும்படி எதுவும் சொல்ல வேண்டாம். சந்தோஷமாக வாங்கிக்கொண்டு, அவர் போன பிறகு தேதி எழுதி ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். குழந்தையிடம் "இது உன்னுடையதுதான், உனக்கு இத்தனை வயது ஆனதும் எடுத்துத் தருவேன்" என்று சொல்லி, சொன்னபடி எடுத்தும் கொடுங்கள். பறித்துக்கொண்டார்கள் என்ற எண்ணம் வராது. வளரும் நாளை எதிர்பார்த்துக் காத்திருக்கும்.

விலை உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்பதே இல்லை. கொடுக்கிற பொருள் குழந்தையின் கைக்கு அடங்க வேண்டும், அதன் பின்னால் உள்ள கதை குழந்தையின் மனசுக்கு அடங்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால், ஒரு காலி அட்டைப் பெட்டி போதும் சகோதரிகளே.